கொழுப்பேறிய கல்லீரலின் கதை

கல்லீரலில் கொழுப்பு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் எது? தொந்தி விழுந்த ஒரு செல்வர். அல்லது அந்தி சாய்ந்தால் குடியை நாடும் ஒருவர். இவ்விருவரைத் தவிர மூன்றாமவர் ஒருவரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டு மருத்துவ விஞ்ஞானிகள் கொழுப்பு நிரம்பிய கல்லீரலை யாரிடம் கண்டு ஆராய்ந்தார்கள் தெரியுமா? தாய்ப்பால் நின்று போய், கஞ்சித் தண்ணீரிலேயே காலம் தள்ளி, காலும் முகமும் வீங்கிக் கிடந்த இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளிடம்!

உண்ண இல்லாத குழந்தைக்கும் கல்லீரலில் கொழுப்பு. உண்டது மிகுந்து போனவருக்கும் கல்லீரலில் கொழுப்பு. இது எப்படிப் பொருந்தும்? இந்தப் புதிருக்கு விடை தேடிய வரலாறு சுவையானது. நம் வீடுகளுக்கு இன்று மிகவும் வேண்டியதும் ஆகும்.

மேல்மலையனூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லும் மல்லாட்டையும் பயிரிடும் குடும்பங்களே மிகுதி. வயிற்றில் ஏதோ சங்கடம் என்று செஞ்சிக்கோ, திண்டிவனத்துக்கோ, விழுப்புரத்துக்கோ சென்று ஸ்கேன் எடுத்துத் திரும்புகிறவர்களின் சீட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு ஒன்று' என்ற வரி இப்போது அடிக்கடி தென்படுகிறது. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் நாலெழுத்துப் படித்தவன் என்பதால் சீட்டைக் கொண்டு வந்து என்னிடமும் பொருள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் சிலருக்கு அச்சம், சிலருக்கு வெட்கம். "நான் குடிப்பதே இல்லையே, ஊர் என்ன நினைக்கும்?" என்பார் ஒருவர். "எண்ணெயை அடியோடு நிறுத்திவிட்டேன்" என்பார் இன்னொருவர். சோற்றின் அளவு மட்டும் குறைந்திருக்காது. இருவருக்கும் உரிய விடை இந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

அத்திப் பழம் தந்த பெயர்

முதலில் எகிப்துக்குச் செல்வோம். சக்காரா என்னும் இடத்தில் உள்ள பழங்கல்லறைகளின் சுவர்களில், வாத்தினப் பறவைகளுக்கு வலிந்து இரை ஊட்டும் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. அவை 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. நெடுந்தொலைவு பறந்து செல்லும் பறவைகள், பயணத்துக்கு முன் மிகுதியாக உண்டு கல்லீரலில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கின்றன. அது அவற்றின் கட்டுச்சோறு. பறந்து முடிந்ததும் அந்தக் கொழுப்பு கரைந்துவிடும். இயற்கையின் இந்த ஏற்பாட்டையே மனிதன் தன் நாக்குச் சுவைக்காகப் பயன்படுத்திக் கொண்டான்.

ரோமானியர்கள் வாத்துகளுக்கு அத்திப் பழத்தை ஊட்டி அவற்றின் ஈரலைப் பெருக்க வைத்தார்கள். லத்தீன் மொழியில் அத்திப் பழத்துக்கு 'பீகஸ்' என்று பெயர். அத்தி ஊட்டிய ஈரல் மிகவும் புகழ் பெற்றதால், அந்த அத்திப் பெயரே நாளடைவில் ஈரலுக்கும் பெயராகிவிட்டது. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் இன்று கல்லீரலைக் குறிக்கும் சொற்கள் யாவும் அத்திப் பழத்திலிருந்து பிறந்தவையே.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வாத்துக்கு ஊட்டியது எண்ணெயோ நெய்யோ அன்று, இனிப்பான பழம். அதாவது சர்க்கரை உள்ளே போயிற்று; கொழுப்பு ஈரலில் தேங்கிற்று. கல்லீரல் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றவல்லது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

செல்லுக்குள் ஒரு துளி

மருத்துவ நூல்களில் கொழுப்பேறிய கல்லீரல் இடம் பெற்றது 19-ஆம் நூற்றாண்டில்தான். 1836-இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் இதைப் பற்றி எழுதினார். 1842-இல் வில்லியம் போமன் நுண்ணோக்கியின் துணையால் கொழுப்பேறிய கல்லீரலின் நுண்ணமைப்பை விளக்கினார். கொழுப்பு இருப்பது செல்களின் உள்ளேயே என்பது தெளிவாயிற்று.

ஒரு கல்லீரல் செல்லின் குறுக்களவு சுமார் 25 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நாற்பது செல்களை அடுக்கிவிடலாம்! அத்தனை சிறிய அறைக்குள் கொழுப்பு துளித் துளியாக நிற்கிறது. நீரும் எண்ணெயும் ஒட்டுவதில்லை அல்லவா? ஆகவே ஒவ்வொரு துளியையும் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. லெசித்தின் போன்ற பொருள்களும் சில புரதங்களும் சேர்ந்தது அந்த உறை. அது ஒரு பக்கத்தால் கொழுப்பையும் மறு பக்கத்தால் நீரையும் பற்றிக் கொள்ளும். சோப்பு செய்யும் வேலையும் இதுவே.

துளியின் அளவும் முக்கியமானது. 10 மைக்ரான் குறுக்களவுள்ள ஒரு துளியை 1 மைக்ரான் துளிகளாக உடைத்தால் ஆயிரம் துளிகள் கிடைக்கும். கொழுப்பின் மொத்த அளவு மாறாது. ஆனால் மேற்பரப்பு பத்து மடங்காகிவிடும். கொழுப்பை உடைக்கும் நொதிகள் துளியின் மேற்பரப்பில்தான் வேலை செய்கின்றன. எனவே சிறு துளிகளாக இருக்கும் கொழுப்பு எளிதில் செலவாகும். ஒரே பெருந்துளியாகச் சேர்ந்து, செல்லின் உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிட்ட கொழுப்பு மெல்ல மெல்லவே கரையும்.

பெரியவர் ஒருவரின் கல்லீரல் சுமார் ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதில் கொழுப்பு 5 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது சுமார் 75 கிராமுக்கு மேற்பட்டால், அது கொழுப்பேறிய கல்லீரல் எனப்படுகிறது. 75 கிராம் என்பது சமையலறையில் ஒரு சிறு கிண்ணம் எண்ணெய்தான்.

இதை ஒரு நெல் மண்டியோடு ஒப்பிடலாம். மண்டிக்குப் பல பக்கத்திலிருந்து மூட்டைகள் வருகின்றன. மண்டி ஒரு பகுதியைத் தானே செலவழிக்கிறது. மீதியை வெளியூருக்கு அனுப்புகிறது. கல்லீரலும் அவ்வாறே கொழுப்பில் ஒரு பகுதியை எரித்து ஆற்றலாக்குகிறது. மீதியை ரத்தத்தின் வழியே மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் பெரும்பகுதி நீர் என்பதால் கொழுப்பை அப்படியே கொட்ட முடியாது. புரதமும் லெசித்தினும் கொண்ட பொட்டலமாகக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். புரதம் இங்கே சாக்கு. சாக்கு இல்லாவிட்டாலும் மண்டியில் சரக்கு தேங்கும். சாக்கு இருந்தும் வரத்து அளவு மீறினாலும் தேங்கும். இந்த வரவு செலவுக் கணக்கை மனத்தில் வைத்துக் கொண்டால் நம் புதிரின் பாதி அவிழ்ந்துவிடும்.

டொராண்டோ நாய்கள்

இக்கணக்கை முதலில் காட்டிக் கொடுத்தவை கனடா நாட்டின் டொராண்டோ நகரத்து நாய்கள். அங்கே 1921-22-இல் இன்சுலின் கண்டறியப்பட்டது. கணையத்தை அகற்றிய நாய்களை இன்சுலின் ஊசி போட்டு உயிரோடு வைத்திருக்க முடிந்தது. ஆனால் சில மாதங்களில் அவை கல்லீரல் கெட்டு இறந்தன. வெட்டிப் பார்த்தபோது ஈரல் முழுவதும் கொழுப்பு! பச்சைக் கணையத்தை உணவில் சேர்த்த நாய்களோ பிழைத்தன.

கணையத்தில் இருந்த அந்தக் காக்கும் பொருள் எது? இன்சுலின் ஆராய்ச்சியில் பங்கு பெற்ற சார்லஸ் பெஸ்ட்டும் அவர் தோழர்களும் தேடினார்கள். லெசித்தின் கொடுத்தாலே கொழுப்பு குறைகிறது என்று தெரிந்தது. 1932-இல், லெசித்தினில் அடங்கியுள்ள கோலின் என்னும் பொருளே அதற்குக் காரணம் என்று எலிகளில் சோதித்துக் காட்டினார்கள். முட்டையின் மஞ்சட்கருவிலும், பயறு வகைகளிலும், நம் மல்லாட்டையிலும் கோலின் உண்டு.

கோலின் இல்லையேல் லெசித்தின் இல்லை; லெசித்தின் இல்லையேல் பொட்டலம் இல்லை; பொட்டலம் இல்லையேல் கொழுப்பு வெளியேறாது. உணவில் ஏதோ ஒன்று குறைந்தாலும் கல்லீரலில் கொழுப்பு கூடும் என்னும் உண்மை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

சவலைப் பிள்ளையும் குன்னூரும்

அடுத்த காட்சி ஆப்பிரிக்காவில். இன்று கானா என்று வழங்கும் கோல்ட் கோஸ்ட்டில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பணியாற்றினார். மக்காச்சோளக் கூழிலேயே வளர்ந்த குழந்தைகள் சிலருக்கு உடல் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறியதை அவர் கண்டார். இறந்த குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்பு நிறைந்திருந்தது. 1933-இல் அவர் இதை எழுதினார். 1935-இல் அவ்வூர் மக்கள் வழங்கிய 'குவாஷியார்க்கர்' என்ற பெயரையே நோய்க்கும் சூட்டினார். அடுத்த குழந்தை பிறந்ததால் தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

வாசகர்களே, இந்தப் பொருளில் தமிழில் ஒரு சொல் இல்லையா? 'சவலைப் பிள்ளை' என்கிறோமே, அதுதான்! தாய் மீண்டும் கருவுற்றதால் பால் மறந்து மெலிந்த குழந்தையைச் சவலை பாய்ந்தது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இரு கண்டங்களின் தாய்மார்கள் ஒரே துன்பத்தைக் கண்டு ஒரே கருத்தில் பெயரிட்டிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த ஆராய்ச்சிக்கு இடமாக அமைந்தது நீலகிரியின் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஊட்ட உணவு ஆராய்ச்சிக் கூடங்கள் ஆயிற்று. 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சி. கோபாலனும், நோய்க்குறியியல் அறிஞர் வி. ராமலிங்கசாமியும் குன்னூரில் பணியாற்றினார்கள். இந்தியாவில் காணப்படும் குவாஷியார்க்கர் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை 1955-இல் வெளிவந்தது. நம் நாட்டுச் சவலைப் பிள்ளைகளின் வீக்கமும் ஈரல் கொழுப்பும் இவ்வாறு உலக மருத்துவ ஏடுகளில் இடம் பெற்றன.

இந்நோய் முற்றிய நிலையில் கல்லீரலின் எடையில் பாதி வரை கொழுப்பாக இருப்பதுண்டு. உடம்பில் சதைப் பற்று இல்லை. ஈரலில் கொழுப்பு மலை! மண்டியில் சாக்கு இல்லாத கதை இது. கொழுப்பு நீக்கிய பாலும் புரத உணவும் முறையாகக் கொடுத்து வந்தால், சில வாரங்களில் ஈரல் தன் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது.

ஆனால் புரதக் குறைவு ஒன்றே காரணம் என்று அன்று பலரும் கூறியதைக் கோபாலன் அப்படியே ஏற்கவில்லை. உடல் வீங்கிய குழந்தையும், எலும்பும் தோலுமாக வற்றிய குழந்தையும் ஒரே வகை உணவை உண்டவர்கள்தாமே என்று 1968-இல் சுட்டிக் காட்டினார். நம் குழந்தைகளுக்கு முதற்குறை வயிறார உணவு இல்லாமையே என்றார். குழந்தைகளில் ஒரு சாரார் மட்டும் ஏன் வீங்குகிறார்கள் என்ற கேள்வி இன்றும் ஆராய்ச்சியில் உள்ளது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அண்மைக் கால ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

கொழுப்புதான் ஈரலை இறுக்குகிறதா?

இதற்குள் ஒரு பெரிய வாதம் எழுந்தது. கல்லீரல் நார் பாய்ந்து, முடிச்சு முடிச்சாக இறுகிச் சுருங்கும் நோய்க்கு 'சிர்ரோசிஸ்' என்று பெயர். பழுப்பு மஞ்சள் நிறம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1819-இல் பிரெஞ்சு மருத்துவர் லானெக் அமைத்த பெயர் அது. கொழுப்பேறிய ஈரலே காலப்போக்கில் சிர்ரோசிஸ் ஆகிறது, ஆகவே ஏழை நாடுகளின் ஈரல் நோய்களுக்கெல்லாம் புரதக் குறைவே வேர் என்று பலர் கருதினர்.

ஆனால் சான்றுகள் வேறு விதமாக இருந்தன. குவாஷியார்க்கரிலிருந்து மீண்ட குழந்தைகளின் ஈரல் பொதுவாக இறுகவில்லை. மற்றொரு புறம், நம் நாட்டில் கைக்குழந்தைகளைக் கொன்று வந்த ஒரு சிர்ரோசிஸ் நோய் இருந்தது. 1887-இல் கல்கத்தாவில் முதலில் விவரிக்கப்பட்ட அந்நோய் தமிழ்நாட்டிலும் பரவலாகக் காணப்பட்டது. வியப்பு என்னவென்றால், அது வசதியுள்ள வீட்டுக் குழந்தைகளையும் தாக்கியது. அக்குழந்தைகளின் ஈரலில் கொழுப்பு அதிகம் இல்லை. செம்பு என்னும் உலோகம்தான் அளவு மீறி இருந்தது! பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த மாட்டுப் பாலைச் சின்னஞ்சிறு வயதிலேயே புகட்டியதே காரணமாகலாம் என்று 1983-இல் புனே நகரக் குழந்தைகளை ஆராய்ந்த குழு அறிவித்தது. வீடுகளில் எவர்சில்வர் பாத்திரம் நிலைத்த பின் அந்நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ஆகவே கொழுப்பு மிக இருந்தும் ஈரல் இறுகாமல் இருக்கலாம். கொழுப்பு இல்லாமலும் இறுகலாம்.

மூன்றாவது சான்று நம் மல்லாட்டையைப் பற்றியது. பால் கிடைப்பது அரிதான நாட்டில் குழந்தைகளுக்கு மலிவான புரதம் எது? எண்ணெய் பிழிந்த மல்லாட்டை மாவு என்பது மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விடை. அம்மாவோடு கடலைப் பருப்பு மாவும் கலந்து 'பல்நோக்கு உணவு' ஒன்றை அந்நிலையம் உருவாக்கியது. இதற்கிடையில் 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்பது அந்த நஞ்சின் பெயர். மைசூரில், குவாஷியார்க்கருக்காக மல்லாட்டை மாவு கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலருக்கு, அம்மாவில் கலந்திருந்த இந்த நஞ்சால் ஈரல் கெட்டு சிர்ரோசிஸ் கண்டதை 1971-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை பதிவு செய்தது.

மல்லாட்டை தீயதன்று, நன்கு காயாமல், ஈரத்தோடு கட்டி வைத்ததே தீது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. ரகங்களைப் பயிரிட்ட பகுதி நம்முடையது. காயைக் களத்தில் நன்றாகக் காயவைத்து, பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறியும் நம் வழக்கம் ஈரலையும் காக்கும் வழக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

குடிக்காதவரின் கல்லீரல்

குடிப்பவர்களின் கதை என்ன? குடியர் சரியாக உண்பதில்லை, அதனால்தான் ஈரல் கெடுகிறது, மது நேரடிக் காரணம் அன்று என்று நெடுநாள் நம்பப்பட்டது. நியூயார்க்கில் சார்லஸ் லீபர் இதை மறுத்தார். சத்தான உணவோடு மதுவும் கொடுக்கப்பட்ட பபூன் குரங்குகளுக்கு முதலில் கொழுப்பும், பிறகு சிலவற்றுக்கு சிர்ரோசிஸும் தோன்றியதை 1974-இல் அவர் குழுவினர் காட்டினார்கள். மது உள்ளே வந்தால் கல்லீரல் அதையே முதலில் எரிக்கிறது. கொழுப்பை எரிக்கும் வேலை நின்றுவிடுகிறது. "நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது" என்பது அன்றே பொய்யாயிற்று.

ஆனால் குடிக்காதவருக்கும் இதே நோய் வருமா? 1952-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சாமுவேல் செல்மன் என்ற மருத்துவர், பருமனான மருத்துவமனை ஊழியர் ஒருவருக்கு ஈரல் கொழுப்பேறியிருப்பதைக் கண்டார். அந்த ஊழியர் அருந்தியது மது அன்று. நாளொன்றுக்கு இருபது புட்டிக்கு மேல் இனிப்பான கோலா பானம்! ரோமானிய வாத்தின் கதை திரும்பிவிட்டது. செல்மன் மேலும் இருபது பருமனானவர்களை ஆராய்ந்து, பருமனுக்கும் ஈரல் கேட்டுக்கும் உள்ள உறவை எழுதினார். அதை அன்று பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

1980-இல் மேயோ மருத்துவமனையின் யூர்கன் லுட்விக், இருபது நோயாளிகளின் ஈரல் துணுக்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார. அவை குடியர்களின் ஈரலைப் போலவே அழற்சியும் நாரும் கொண்டிருந்தன. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பெயரில்லாது கிடந்த அந்த நோய்க்கு லுட்விக் பெயரிட்டார். அதுவரை "குடிப்பதில்லை" என்று சொன்ன நோயாளிகளை மருத்துவர்களே நம்பாமல் இருந்த நிலை இதன் பின்தான் மாறத் தொடங்கியது. நம் ஊர்களில் அந்த ஐயம் இன்னும் முழுதும் நீங்கவில்லை. ஸ்கேன் சீட்டைப் பெண்டிர் ஒளித்து வைப்பதும், குடியறியாத பெரியவர் கூனிக் குறுகுவதும் இதனால்தான். அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023-இல் உலக மருத்துவச் சங்கங்கள் பல ஒன்று கூடி நோயின் பெயரையே மாற்றிவிட்டன. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாற்றோடு சேர்ந்த நோய் என்ற பொருளுடையது புதுப் பெயர். மதுவைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

சென்னையும் சிற்றூரும்

தமிழ்நாட்டின் இன்றைய நிலைக்கு வருவோம். டாக்டர் வி. மோகன் குழுவினர் சென்னை நகர மக்கள் 541 பேருக்கு ஸ்கேன் எடுத்து ஆராய்ந்த முடிவு 2009-இல் வெளிவந்தது. 100 பேரில் 32 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு! சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துக் கொண்டால் பாதிக்கு மேல், அதாவது 54.5 சதவீதம். சர்க்கரைக் குறை எதுவும் இல்லாதவர்களிடம்கூட 22.5 சதவீதம்.

இது நகரத்தின் நோய், வயலில் உழைக்கும் நமக்கு ஏது என்று எண்ணிவிட வேண்டாம். மேற்கு வங்காளச் சிற்றூர்களில் 1,911 பேரை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவர்களில் கொழுப்பேறிய ஈரல் உடையவர்கள் 8.7 சதவீதம். நகரத்தை விடக் குறைவுதான். ஆனால் அவர்களில் நான்கில் மூன்று பேர் பருமனானவர்கள் அல்லர். ஒல்லியாக இருப்பது மட்டும் காப்பு ஆகாது என்பதே இதன் பாடம்.

தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989-இல் முட்டையும் சேர்ந்தது. மக்களின் வருவாயும் மருத்துவ வசதியும் உயர்ந்தன. வீங்கிய சவலைப் பிள்ளைகள் அரிதாயினர். மண்டிக்குச் சாக்கு வந்துவிட்டது. ஆனால் வரத்து மிகுந்துவிட்டது. ஏர் பிடித்த கைக்கு டிராக்டர். நடந்த காலுக்கு மோட்டார் சைக்கிள். சோற்றின் அளவோ முன் போலவே. அதற்கு மேல் சர்க்கரை போட்ட தேநீரும் குளிர்பானமும் பிஸ்கட்டும்.

ஈரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-இல் அமெரிக்காவில் நோயாளிகளிடம் அளந்து பார்த்தார்கள். 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தத்தின் வழியே வந்தது. 26 சதவீதம் மாவு, சர்க்கரைப் பொருள்களிலிருந்து கல்லீரலே புதிதாகச் செய்தது. உண்ட எண்ணெயிலிருந்து நேரே வந்தது 15 சதவீதமே. எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டுச் சோற்றையும் இனிப்பையும் குறைக்காதவர் கணக்கில் எங்கே பிழை செய்கிறார் என்பது விளங்குகிறதா?

சரக்கு குற்றவாளி அன்று

இனி இன்னொரு வியப்பு. துளியாகச் சேர்ந்து நிற்கும் கொழுப்பு அவ்வளவு தீயது அன்று! கட்டவிழ்ந்து திரியும் கொழுப்பு அமிலங்களே செல்லை வதைக்கின்றன. அவற்றைத் துளியாகக் கட்டி ஓரமாக வைப்பது செல்லின் தற்காப்பு. 2007-இல் சுண்டெலிகளில் துளி கட்டும் நொதியைத் தடுத்துப் பார்த்தார்கள். ஈரலில் கொழுப்பு குறைந்தது; ஆனால் அழற்சியும் நாரும் கூடின!

குன்னூர்க் காலத்து வாதத்துக்கும் இது ஒரு விளக்கம் தருகிறது. கொழுப்புத் துளி வரவு செலவு சரியில்லை என்று காட்டும் அடையாளம். வரத்து நில்லாமல் தொடர்ந்தால்தான் அழற்சி, நார், சிர்ரோசிஸ், சிலருக்குப் புற்றுநோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கொழுப்பேறிய எல்லோருக்கும் இது நேர்வதில்லை. ஒரு பகுதியினருக்கே நேர்கிறது. அந்த ஒரு பகுதியினர் யார் என்று முன்கூட்டி அறிவதே இன்றைய மருத்துவத்தின் முக்கிய வேலை.

அதற்கு இயற்பியல் துணை செய்கிறது. சாதாரண ஸ்கேன் கருவி நொடிக்குச் சுமார் 35 லட்சம் அதிர்வுகள் உள்ள கேளா ஒலியைச் செலுத்துகிறது. கொழுப்புத் துளிகள் அதைச் சிதறடிப்பதால் ஈரல் பளிச்சென்று வெண்மையாகத் தோன்றும். சீட்டில் வரும் 'கிரேடு' இந்த வெண்மையின் அளவே. ஈரல் எவ்வளவு இறுகியுள்ளது என்பதை அது சொல்லாது.

இறுக்கத்தை அளக்கும் கருவி 2003-இல் பிரான்சு நாட்டில் வந்தது. அது விலா எலும்புகளுக்கிடையே மெல்லத் தட்டும். அந்தத் தட்டலால் ஈரலுக்குள் ஒரு குறுக்கலை ஓடும். தட்டி விட்ட பாத்திரத்துத் தயிர் அதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது போன்றது. கேளா ஒலி நம் உடலில் நொடிக்கு 1,540 மீட்டர் ஓடுகிறது. இந்தக் குறுக்கலையோ ஒன்றிரண்டு மீட்டரே நகரும். இளகிய பொருளில் மெதுவாகவும் இறுகியதில் வேகமாகவும் செல்லும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியாலும் மூன்றாலும் பெருக்கினால் இறுக்கம் கிடைக்கும். வேகம் 1.3 மீட்டர் என்றால் இறுக்கம் சுமார் 5 கிலோபாஸ்கல். அது நலமான ஈரல். வேகம் 2.2 மீட்டர் என்றால் 14 கிலோபாஸ்கலுக்கு மேல். அது சிர்ரோசிஸ் என்று ஐயுறத் தக்கது. ஊசி குத்தாமல், சதை எடுக்காமல், சில நிமிடங்களில் இது தெரிந்துவிடுகிறது.

சீட்டைப் பெற்றவர் என்ன செய்வது?

2021-இல் இந்திய அரசு இந்நோயைத் தன் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துக் கொண்டது. 2024-இல் அமெரிக்காவில் இதற்கென முதல் மருந்து ஒப்புதல் பெற்றது. இருந்தாலும் முதல் மருந்து பழைய மருந்துதான். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2015-இல் எழுதினார்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி நீங்கியது. 45 சதவீதம் பேருக்கு நார் பாய்ந்ததும் குறைந்தது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 7 கிலோ.

எனவே ஸ்கேன் சீட்டில் அந்த வரியைக் கண்டால் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, மருத்துவரிடம் சென்று ரத்தத்தில் சர்க்கரையையும் ஈரல் நொதிகளையும் அளந்து கொள்ளுங்கள். இறுக்கத்தை அளக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். இரண்டாவது, தட்டில் சோற்றைக் குறைத்துப் பருப்பு, பயறு, காய்கறி, முட்டை இவற்றின் பங்கைக் கூட்டுங்கள். இனிப்பான பானங்களைத் தவிருங்கள். மது இருந்தால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, நாள்தோறும் நடங்கள். ஈரலுக்கு நல்லது என்று யாரோ சொன்ன பொடியையும் லேகியத்தையும் மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர்கள். அவற்றில் சில ஈரலையே கெடுத்ததுண்டு.

பட்டினி கிடந்த குழந்தையின் ஈரல், சாக்கு கிடைத்ததும் சில வாரங்களில் தன் சுமையை இறக்கி வைத்தது. நம் ஈரலும் அதே உறுப்புதான். வரத்தைக் குறைத்து அதற்குச் சில மாத அவகாசம் கொடுத்தால், அதுவும் இறக்கி வைக்கும்.